லாபம், இரண்டு, மூன்று, நாலு

முத்தையன்கட்டுப் பக்கம் நெல் அளக்கிறவர்கள் முதல் மரைக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். அதற்கு அடுத்தது இரண்டு, பிறகு மூன்று. ஒன்று என்று தொடங்கினால் களத்து நெற்பொலி ஒன்றோடு நின்றுவிடும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. நம்பாதவனும் வாயால் லாபம் என்றுதான் சொல்லுவான். அது பிறந்த நாளிலிருந்து காதில் விழுந்து ஊறிய பழக்கம். அந்தப் பக்கத்தில் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்குகிற ஒரே ஆள் வீரையாவின் பெண்சாதி ஞானேஸ்வரி. சூடடிக்கிற காலத்தில் அவளை அளக்க விட்டால் களத்தில் சிரிப்புக்குக் குறைவிருக்காது. “அவ கம்பியூட்டர் தட்டின ஆள். அவவுக்கு உதெல்லாம் சரிவராது” என்று ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் ஒத்து ஊதுவார்கள். அவள் தலை நிமிரமாட்டாள். ஒண்டு, ரெண்டு என்று தன் பாட்டில் எண்ணிக்கொண்டு போவாள்.

சிரிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? அவளும் ஒரு காலத்தில் லாபம் சொன்னவள்தான். அந்தச் சொல்லைக் கடைசியாகச் சொன்ன நாளிலிருந்து இன்றுவரை அவளுக்கு ஒழுங்கான நித்திரை கிடையாது.

ஞானேஸ்வரி பிறந்தது மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தகப்பன் ஒரு தகரப் பெட்டியும் மூன்று பிள்ளைகளுமாக வவுனியாவில் வந்து இறங்கினார். அங்கிருந்து ஒதுங்கி ஒதுங்கி முத்தையன்கட்டு வாய்க்காலின் கடைசி அந்தத்தில் ஒரு கொட்டில் போட்டார். அப்போது அவளுக்கு வயது ஒன்பது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்தின் கீழ்க் காணி எடுத்தவர்களின் வயல்களில் தகப்பன் கூலிக்கு நின்றார். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே களத்துக்குப் போய்விடுவாள். அளக்கிறவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கணக்குச் சொல்லுவது அவள் வேலை. “லாபம், ரெண்டு, மூண்டு” என்று அவள் குரல் வைத்தால் நூறு மரைக்கால் போனாலும் ஒன்று தப்பாது. வீட்டில் ‘ஆமா’, வெளியில் ‘ஓம்’ என்று இரண்டு வாயாலும் பேசப் பழகியதும் அந்தக் களத்தில்தான்.

சாதாரண தரம் பாஸ் பண்ணி, தட்டெழுத்துப் படித்து, தன்னைப் போலவே மலைநாட்டிலிருந்து வந்த வீரையாவைக் கட்டினாள். ஒரே மகள், பிரேமிளா. பிறக்கும்போதே பிள்ளையின் இதயத்தில் ஓட்டை. பத்து அடி நடந்தால் உதடு நீலம் பாரித்துவிடும். உடனே நடந்த இடத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்திவிடுவாள். மற்றப் பிள்ளைகள் கிளித்தட்டு மறிக்கிறபோது அவள் ஓரத்தில் குந்தியிருந்து யார் யார் ஆட்டமிழந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஒப்பரேசன் செய்தால் பிழைப்பாள், செய்யாவிட்டால் பெரியபிள்ளையாகும் வரை தாங்கமாட்டாள் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒப்பரேசன் கொழும்பில். வன்னியிலிருந்து கொழும்பு அந்த நாளில் சந்திரனை விடத் தூரம்.

ஒட்டுசுட்டானில் ஒரு நலன்புரிச் சங்கம் இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பதிந்து, பயண அனுமதிப் பாஸ் எடுத்து, வாகனம் பிடித்து வெளியே அனுப்புகிற வேலையை அது செய்தது. தொண்ணூற்றாறில் ஞானேஸ்வரி அங்கே ரைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். மகளுக்காகத்தான் சேர்ந்தாள், அதை ஒளிக்கவும் இல்லை. சங்கத்தின் செயலாளர் தில்லைநாதன் குளத்தடிக் குடியேற்றத்து மனிதர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவார், ஆனால் நேர்மையானவர்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் தன் திட்டம் முடிந்து போகும்போது ஒரு கம்பியூட்டர் சேர்வரை விட்டுவிட்டுப் போனார். இடுப்பளவு உயரமான கறுத்த இரும்புப் பெட்டி. முன்கதவைத் திறந்தால் ஒன்றின்கீழ் ஒன்றாக ஐந்து பொந்துகள். அதில் நாலில் டிஸ்க்குகள், கடைசிப் பொந்து வெறுமை, அதற்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. எழுதுகிற எதையும் அந்த இயந்திரம் நாலு டிஸ்க்கிலும் பங்கு போட்டு எழுதும். ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்ற மூன்றையும் வைத்து எல்லாவற்றையும் மீட்டுவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. எது எந்தப் பொந்தில் இருந்ததோ அது அந்தப் பொந்திலேயே இருக்க வேண்டும். “எப்பவாவது பெட்டியை இடம் மாத்த வேண்டி வந்தால், டிஸ்க்கைக் கழட்டித் தனியாகக் கொண்டு போங்கோ. திரும்பப் போடேக்கை இடம் மாறக்கூடாது” என்று வெளிநாட்டுக்காரர் மொழிபெயர்க்க ஆள் வைத்துப் பல முறை சொல்லிவிட்டுத்தான் போனார்.

தொண்ணூற்றெட்டு மார்கழியில் அந்த ‘எப்பவாவது’ வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் நல்ல செய்தி ஒன்று வந்திருந்தது. தையில் வெளிநாட்டு டொக்டர்மார் கொழும்புக்கு வந்து இரண்டு கிழமை நின்று, இதயத்தில் ஓட்டை உள்ள பிள்ளைகளுக்கு ஒப்பரேசன் செய்யப் போகிறார்கள். சங்கம் முப்பத்தேழு பிள்ளைகளைத் தெரிவு செய்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர், பிறந்த திகதி, டொக்டரின் கடித இலக்கம், கடிதத் திகதி, இதயப் படத்தின் இலக்கம். எல்லாவற்றையும் சேர்வரில் ஏற்றியது ஞானேஸ்வரி. பிரேமிளாவின் பெயரை ஏற்றிவிட்டு மூன்று தரம் சரிபார்த்தாள். வடிவம்மாவின் மகன் சதீஸின் பெயரை ஏற்றியபோதும் சந்தோசமாகத்தான் இருந்தது. வடிவம்மாவின் வயலில்தான் வீரையா வேலை செய்தான். சதீசுக்கும் பிரேமிளாவுக்கும் ஒரே வருத்தம், ஒரே கிளினிக். இரண்டு பிள்ளைகளும் ஒரே ஓரத்தில் குந்தியிருந்து விளையாட்டுப் பார்த்தவர்கள்.

பட்டியலை அச்சடித்து வைக்கவில்லையா என்று கேட்கலாம். கடதாசியே தடைப் பொருளாக இருந்த காலம் அது. ஒரு பக்கத்தை அச்சடிக்கத் தில்லைநாதன் இரண்டு நாள் யோசிப்பார். பாஸ் கிடைக்கிற அன்று ஒரேயடியாக அடிக்கலாம் என்று விட்டிருந்தார்கள்.

ஷெல் ஒட்டுசுட்டான் சந்தி வரைக்கும் வந்த அன்று காலை, சங்கத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு உழவு இயந்திரம். பைல் அலுமாரியை ஏற்றினால் சேர்வருக்கு இடமில்லை, சேர்வரை ஏற்றினால் அலுமாரிக்கு இடமில்லை. “எல்லாம் கம்பியூட்டரில இருக்குத்தானே, அலுமாரி கிடக்கட்டும்” என்றார் தில்லைநாதன். ஞானேஸ்வரி பெட்டியின் கதவைத் திறந்து டிஸ்க்குகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக இழுத்தாள். வீரையா உமி நிரப்பிய சாக்கோடு பக்கத்தில் நின்றான். மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்டர் துண்டு வெட்டி ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒட்டி எண் எழுதினாள். பக்கத்து வளவில் ஒன்று விழுந்து ஓடுகள் பறந்தன. அந்த நேரத்தில் மனிதருக்கு மூளை வேலை செய்வதில்லை, கைதான் வேலை செய்யும். அவள் கைக்கு எண்ணத் தெரிந்தது ஒரே விதமாகத்தான். முதல் டிஸ்க்கில் லாபம் என்று எழுதினாள். அடுத்ததில் 2, பிறகு 3, பிறகு 4.

“எல்லாம் போட்டாச்சா புள்ள?” என்றான் வீரையா.

“ஆமா, கட்டுங்க சாக்கை.”

அவன் சாக்கைச் சைக்கிள் கரியரில் கட்டினான். முன் பாரில் பிரேமிளா. மழைக்குள் இருபது கிலோமீற்றர் தள்ளிக்கொண்டு போய்ப் புதுக்குடியிருப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். ஒரு டிஸ்க்கிலும் ஒரு துளி ஈரம் படவில்லை. அந்தச் சாக்கைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்தான் அந்த மனிதன்.

பாஸ் வந்த செய்தி ஒரு புதன்கிழமை கிடைத்தது. வெள்ளி விடிய வாகனம் வெளிக்கிடும். பட்டியல் கையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் எல்லா இலக்கமும் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இராணுவத்தின் தடை முகாமில் திருப்பி விடுவார்கள். அடுத்த வாகனம் எப்போது என்று கேட்பதற்கே ஆள் இல்லை.

வியாழன் காலை சேர்வரைப் பொருத்தச் சுஜிதன் வந்தான். கொழும்புப் பக்கம், கட்டுப்பெத்தைக் கம்பஸில் மூன்று வருடம் படித்துவிட்டு, சண்டையால் வீட்டோடு நின்ற பொடியன். வன்னியில் கம்பியூட்டரைத் திறக்கத் தெரிந்த நாலைந்து பேரில் ஒருவன், அந்த எண்ணம் அவன் நடையிலும் இருந்தது. ஞானேஸ்வரியை விட நாலு வயது இளையவன், ஆனாலும் அவள் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவாள். ஜெனரேற்றருக்கு இரண்டு போத்தல் மண்ணெண்ணெய்தான் இருந்தது. தில்லைநாதன் அதைக் காவல் காத்துக்கொண்டு வாசலில் நின்றார். பிள்ளைகளின் தாய் தகப்பன் நாலைந்து பேர் முற்றத்தில் நின்றார்கள். அவர்களில் வடிவம்மாவும் ஒருத்தி.

சுஜிதன் உமியைத் தட்டி முதல் டிஸ்க்கை எடுத்தான்.

“இதென்ன, லாபம் எண்டு எழுதியிருக்கு?”

“அது முதலாவது, சேர்.”

“முதலாவதெண்டால் முதலாவது எண்டு எழுதவேண்டியதுதானே. சங்கத்திலை வியாபாரமே நடத்திறியள்?”

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. தோட்டத்திலிருந்து வந்தவளுக்கு இவ்வளவுதான் தெரியும் என்று சொன்ன மாதிரி இருந்தது. அவன் அதை நினைத்துச் சொல்லவில்லை, ஆனால் அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய காது அப்படித்தான் கேட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

அந்த இயந்திரத்தைச் செய்தவர்களும் ஒன்றிலிருந்து எண்ணுகிறவர்கள் அல்ல. அவர்கள் பூச்சியத்திலிருந்து எண்ணுகிறவர்கள். ஐந்து பொந்துக்கும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் 0, 1, 2, 3, 4 என்று அச்சடித்திருந்தது. ஞானேஸ்வரி அதை ஒருநாளும் கவனித்ததில்லை. சுஜிதன் கவனித்தான், கவனித்ததுதான் வினை. முதலாவது டிஸ்க்கைப் பூச்சியத்தில் தள்ளினான், அது சரி. 2 என்று எழுதியிருந்ததை 2 என்ற பொந்தில் தள்ளினான். 3ஐ 3இல், 4ஐ 4இல். மூன்றும் ஒவ்வொரு இடம் கீழே இறங்கிவிட்டன. மீதியாக நின்ற மூடியை 1 என்ற பொந்தில் போட்டு அமர்த்தினான்.

மேலே ஒரு டிஸ்க், பிறகு மூடி, பிறகு மூன்று டிஸ்க். பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஞானேஸ்வரிக்கு அங்கேயே உறுத்தியது. அவள் கழற்றியபோது நாலும் ஒட்டியபடி அல்லவா இருந்தன? மூடி கடைசியில் அல்லவா இருந்தது?

“சேர், இந்த மூடி…”

“நம்பர் பாத்துத்தான் போடுறன். நீங்கள் கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ, வெளிச்சம் மறைக்குது.”

அவள் அங்காலே நின்றாள். ஷெல்லுக்குள் கழற்றியதன் நினைவை நம்புவதா, கம்பஸில் படித்தவனை நம்புவதா? அவனை நம்பினாள். வாயைத் திறந்து இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையை அவள் பிறகு ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தாள், வெறும் சுவருக்கு.

இயந்திரம் உயிர் வந்து நாலு டிஸ்க்கையும் பார்த்தது. தன் கணக்கோடு பொருந்தவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியது. சுஜிதன் நிறுத்தி, டிஸ்க்குகளை இழுத்துத் துடைத்து, அதே இடத்தில் திரும்பத் தள்ளினான். மறுபடி அதே வரி. மூன்றாம் முறையும் அதே வரி. முதல் போத்தல் மண்ணெண்ணெய் முடிந்தது. தில்லைநாதன் இரண்டாவது போத்தலை ஊற்றிவிட்டு, “தம்பி, இதோடை சரி. இனி மண்ணெண்ணெய் இல்லை” என்றார். முற்றத்தில் நின்றவர்கள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுஜிதனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பாவம், அவனும் மனிதன்தானே.

நாலாம் முறை இயந்திரம் ஒரு கேள்வி கேட்டது. டிஸ்க்குகளைப் புதிதாக ஒழுங்குபடுத்தவா, ஆமா இல்லையா?

“அப்பிடிச் செய்தால் உள்ளை இருக்கிறது அழியாதோ, சேர்?”

“இல்லை. இது பெட்டி தன்ரை கணக்கைத் திருத்திறது மட்டும்தான். உள்ளுக்கிருக்கிறது அப்பிடியே இருக்கும்.”

அவன் அப்படித்தான் நம்பினான். வேறொரு இயந்திரத்தில் அப்படி நடந்ததைப் பார்த்திருந்தான். இந்த இயந்திரம் வேறு ஜாதி. அவன் ‘ஆமா’ என்று அமர்த்தினான். நாலு டிஸ்க்கிலும் பச்சை விளக்குகள் படபடவென்று மின்னின. யன்னலில் நின்ற வடிவம்மா கைகூப்பினாள். “பச்சை பத்துது, சரி வந்திட்டுது போல” என்றாள்.

பச்சை நின்று, இயந்திரம் தயார் என்றது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. முப்பத்தேழு பிள்ளைகளும் இல்லை, இரண்டு வருடத்து வேலையும் இல்லை. கழுவித் துடைத்த சட்டி மாதிரி வெறுமை. சுஜிதன் அங்கே தேடினான், இங்கே தேடினான். ஜெனரேற்றர் இரண்டு முறை இருமி நின்றது. ஞானேஸ்வரிக்குப் பிள்ளையின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் போல இருந்தது, எழும்பிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

வகுப்பறை வாசலில் வீரையா நிவாரண அரிசியைத் தங்கள் பக்கத்து நாலு குடும்பத்துக்கும் பங்கிட்டுக்கொண்டிருந்தான். பால்மா ரின்னால் அளந்து ஒரு ஓலைப் பெட்டியில் கொட்டினான்.

“லாபம், ரெண்டு, மூணு, நாலு…”

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பெட்டிக்குள் இருந்தது நாலு ரின் அரிசி. லாபமும் ஒன்று, அதற்கு அடுத்தது இரண்டு. அவளுடைய இரண்டு இரண்டாவது டிஸ்க். நம்பர் பார்த்துப் போட்டவன் அதை மூன்றாவது பொந்தில் போட்டான் என்றால், இயந்திரத்தின் இரண்டு மூன்றாவது பொந்து. அந்த மூடி ஏன் நடுவில் வந்தது என்று அவளுக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்த வழியே ஓடினாள். ஓடி என்ன, ‘ஆமா’ என்று அமர்த்தி அரை மணித்தியாலம் ஆகிவிட்டது.

அவள் சொன்னதைக் கேட்டு, சுஜிதன் கதவைத் திறந்து அந்தச் சின்ன எழுத்துகளைப் பார்த்தான். பிளாஸ்டர் துண்டுகளைப் பார்த்தான். வெறும் நிலத்தில் குந்திவிட்டான்.

“அக்கா,” என்றான். அன்றுதான் முதல் தடவை அப்படிக் கூப்பிட்டான். “ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்ல வந்தனான், தம்பி.”

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. பிழை யாருடையது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, நேரம் இருந்திருந்தாலும் பிரிந்திருக்காது.

தில்லைநாதன் இருவரையும் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தாள், கத்தவில்லை. ஒரு கொப்பியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“தட்டினது நீர்தானே? ஞாபகம் இருக்கிறதை எழுதும். கிளினிக் துண்டு வைச்சிருக்கிற ஆக்களைத் தேடுவம். ஆனால் ஒண்டு சொல்லிப்போட்டன், உறுதியில்லாத இலக்கம் ஒண்டும் எழுதப்படாது. ஒரு இலக்கம் பிழைச்சாலும் கள்ளப் பட்டியல் எண்டு முழுப்பேரையும் திருப்பி விடுவாங்கள்.”

அந்த மத்தியானம் முழுக்க அவளும் வீரையாவும் சுஜிதனும் தில்லைநாதனும் ஆளுக்கொரு சைக்கிளில் பள்ளிக்கூடம், கோயில், மரத்தடி என்று சனம் ஒதுங்கிய இடமெல்லாம் அலைந்தார்கள். முப்பத்தேழு பெயரும் அவளுக்கு மனப்பாடம், ஊரும் மனப்பாடம். இலக்கங்கள்தான் கைக்கெட்டாமல் நின்றன. கிளினிக் துண்டு பத்திரமாக இருந்தது பத்துப் பேரிடம். மற்றவர்களுடையது மழையில் போயிற்று, அல்லது வீட்டோடு போயிற்று. பலரை எங்கே என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. பொழுது சாயும்போது கொப்பியில் பதினொரு வரி இருந்தது. பதினோராவது வரிக்குத் துண்டு தேவைப்படவில்லை. பிரேமிளாவின் எல்லா இலக்கமும் அவளுக்குத் தன் பெயரைப் போலத் தெரியும்.

பன்னிரண்டாவதாகச் சதீஸின் பெயரை எழுதினாள். பிறந்த திகதி தெரியும். கடிதத் திகதி தெரியும், பிரேமிளாவின் அதே நாள். படத்தின் இலக்கமும் தெரியும், பிரேமிளாவுக்கு அடுத்தது. கடித இலக்கத்தின் முதல் மூன்று எண்ணும் வந்தன. கடைசி இரண்டு நாற்பத்தேழா, எழுபத்துநாலா? முதலில் நாற்பத்தேழு என்றுதான் வந்தது. எழுதினாள். எழுதியதைத் திரும்பப் பார்த்தபோது எழுபத்துநாலு மாதிரியும் இருந்தது.

“வடிவக்கா, துண்டு ஒண்டும் இல்லையோ? வடிவா யோசிச்சுப் பாருங்கோ.”

“கைப்பையோடை விட்டிட்டு ஓடி வந்திட்டன், பிள்ளை. உனக்குத் தெரியும்தானே? நீதானே எழுதினனி?”

ஞானேஸ்வரி பேனையைப் பிடித்தபடி இருந்தாள். உள்ளே ஒரு குரல் நாற்பத்தேழு, நாற்பத்தேழு என்றது. ஆனால் அதே தாளில் ஒரு வரி மேலே பிரேமிளாவின் பெயர் இருந்தது. நாற்பத்தேழு பிழையென்றால் பிரேமிளாவும் திரும்பி வருவாள். மற்றப் பத்துப் பிள்ளைகளையும் அவள் நினைத்தாள்தான். ஆனால் யாருக்குப் பொய் சொன்னாலும் தனக்குச் சொல்ல முடியாது. அந்த நேரம் அவள் கண்ணுக்குள் நின்றது ஒரே ஒரு பிள்ளையின் நீலம் பாரித்த உதடு. பன்னிரண்டாவது வரியை வெட்டினாள்.

“ஞாபகம் வரேல்லை அக்கா” என்றாள்.

வெள்ளி விடிய வாகனம் வந்தது. பிள்ளைக்கு ஒரு ஆள் கூடப் போகலாம், ஞானேஸ்வரி ஏறினாள். வடிவம்மா சதீசையும் கூட்டிக்கொண்டு வழியனுப்ப வந்திருந்தாள். வந்திருக்காமல் விட்டிருக்கலாம், ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. யன்னலால் இரண்டு எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். “வளைவுகளிலை பிள்ளை சத்தி எடுப்பாள், மணக்கக் குடு. அடுத்த முறை நாங்களும் வருவம்.” சதீஸ் கீழே குந்தியபடி பிரேமிளாவுக்குக் கை காட்டினான். ஞானேஸ்வரி பழத்தை வாங்கினாள். இப்போதாவது நாற்பத்தேழு என்று சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. வாகனம் வெளிக்கிட்டுவிட்டது.

தடை முகாமில் பதினொரு பெயரையும் ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து விட்டார்கள். பிரேமிளாவுக்கு ஒப்பரேசன் நடந்தது. நெஞ்சில் ஒரு நீட்டுத் தழும்போடும், ரோசாப்பூ நிறத்து உதட்டோடும் மாசிக் கடைசியில் திரும்பி வந்தாள். அந்த டொக்டர்மார் அதற்குப் பிறகு வரவில்லை. சதீஸ் அந்த ஐப்பசி வரைக்கும் இருந்தான்.

அடுத்த வருடம் சனம் ஊருக்குத் திரும்பியது. ஒட்டுசுட்டானில் சங்கத்தின் கூரை பாதி இல்லை, ஆனால் பைல் அலுமாரி நின்றது. அடித் தட்டைக் கறையான் தின்றிருந்தது, மேல் தட்டு அப்படியே இருந்தது. ஞானேஸ்வரி ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துச் சதீஸின் பைலை எடுத்துப் பிரித்தாள். கடித இலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் நாற்பத்தேழு. பைலை மூடி இருந்த இடத்தில் வைத்தாள். அடுத்த கிழமை வேலையிலிருந்து நின்றுவிட்டாள். ஏன் என்று தில்லைநாதன் கேட்டதற்குக் கண் பார்வை சரியில்லை என்றாள். வீரையாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் “எம்புள்ளய காப்பாத்திட்ட” என்றான். அந்தச் சொல்லை அவளால் தாங்க முடியவில்லை.

இந்த மாசியில், இரண்டாயிரத்தொன்றில், வடிவம்மாவின் வயல் நன்றாக விளைந்தது. களத்தில் அளக்க ஞானேஸ்வரியைக் கூப்பிட்டார்கள். அவள் மரைக்காலை எடுத்துக் குனியும்போது வடிவம்மா வந்து கையைப் பிடித்தாள்.

“பொறு. நீ ஒண்டெண்டு துவங்கிப் போடுவாய். முதல் மரைக்கால் நான் அளக்கிறன்.”

குவியலின் தலையில் அள்ளினாள். ‘லாபம்’ என்று சத்தமாகச் சொன்னாள். சாக்கில் கொட்டவில்லை. ஓரத்தில் நின்ற பிரேமிளாவைக் கூப்பிட்டு, அவள் கையில் இருந்த உரப்பைக்குள் கொட்டினாள்.

“முதல் மரைக்கால் என்ரை பிள்ளைக்கெண்டு எடுத்து வைக்கிறனான். இனி இது உனக்கு. அவன்ரை சினேகிதி நீதானே. கொண்டு போய் வீட்டிலை வைச்சிட்டு வா.”

பிரேமிளா பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வரம்பில் இறங்கினாள். முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். வாய்க்காலைப் பாய்ந்து கடந்து, அந்தக் கரையிலும் ஓடினாள். ஒரு இடத்திலும் குந்தவில்லை.

“ஓடுறாள் பாத்தியே!” என்றாள் வடிவம்மா. கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். “அவனும் இருந்தால் இப்பிடித்தான் ஓடியிருப்பான் என்ன?”

ஞானேஸ்வரி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் சாக்குப் பிடித்துக்கொண்டு நின்றவன் பொறுமையில்லாமல், “லாபம் சொல்லியாச்சு, எண்ணு பிள்ளை, ரெண்டிலை இருந்து எண்ணு” என்றான்.

அவள் குனிந்து மரைக்காலை நிரப்பினாள்.

“ஒண்டு” என்றாள்.

களம் முழுக்கச் சிரித்தது. வடிவம்மாவும் சிரித்தாள்.